கூப்பிடாத நம்பர்

"ஜெனிஷா, இங்க வாங்க."

புற்றுநோய்ப் பதிவுப் பிரிவின் மேலாளர் சொக்கநாதன், அவள் காலையில் கொடுத்த அல்வாவை மென்றுகொண்டே அழைத்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "சும்மாதான் சார்" என்று சிரித்திருந்தாள்.

திரையில் நோயாளியின் பெயர் வராது; பதிவு எண்ணும் ஊரும் மட்டும்தான்.

"இந்தத் திருப்பரங்குன்றம் பேஷண்ட். மார்பகப் புற்றுநோய், வைத்தியம் முடிஞ்சு இன்னியோட அஞ்சு வருஷம். 'நலம்'னு போட்டிருக்கீங்க. ஆனா போனே பண்ணல."

"அவங்க நல்லாத்தான் இருக்காங்க சார்."

"எப்படித் தெரியும்?"

"எங்க ஏரியாதான் சார். தினமும் பாக்குறேன்."

"பாத்தாப் போதுமாம்மா? ஆராய்ச்சிக்குப் போற தகவல் இது. போன் போட்டுக் கேட்டுத்தான் எழுதணும். மத்த எல்லாருக்கும் பேசுறீங்க, வருசா வருசம் இவங்களை மட்டும் விட்டுர்றீங்க. இந்த நோய் வந்தவங்களுக்கு 'எப்படி இருக்கீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டா எம்புட்டுத் தெம்பு தெரியுமா? உங்களுக்கு எங்க அது புரியப்போகுது?"

சொக்கநாதன் மேசையில் இருந்த ஹெட்போனை எடுத்தார்.

"இருங்க, நானே கேக்குறேன்."

அதை மாட்டிக்கொண்டு, திரையில் இருந்த அழைப்புப் பட்டனை அழுத்தினார்.

ஜெனிஷாவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவள் செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள். "கேளுங்க சார்."

சொக்கநாதன் ஹெட்போனைக் கழற்றவில்லை. போனிலேயே கேட்டார்.

"எப்படி... எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். இன்னொரு துண்டு அல்வா எடுத்துக்கங்க."