பாட்டு மட்டும்

“நாற்காலியைக் கொஞ்சம் பின்னால இழுத்துப் போடுங்க. விட்டா டி.வி.க்குள்ளயே ஏறி உக்காந்துடுவீங்க போலிருக்கு” என்றாள் மனைவி.

வாட்ச் ரிப்பேர்க்காரர் அசையவில்லை. திரைக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

“பாட்டு வரப்போகுது. பேசாம இரு.”

“போன வருஷம் இதே வாய் என்ன சொல்லிச்சு? கதவைத் திறந்தா பாட்டு, சாத்தினா பாட்டு, இவங்க வீட்டுல தும்மறதுக்கும் ராகம் வேணுமான்னு கேட்டீங்களா, இல்லையா?”

“கேட்டேன். வாய் இருக்கே, சும்மா இருக்குமா?”

கேட்டதோடு நிற்கவுமில்லை. இந்தப் பாட்டுத் தொடர் ஆரம்பித்த புதிதில், ஆறரை மணிக்கு முகப்பு இசை கேட்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பிவிடுவார். அங்கே வேலை எதுவும் இல்லையென்றால், மேஜை ஓரத்தில் தனியாகக் கிடக்கும் ஒரு கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். யாரும் கேட்டு வராத கடிகாரம். ஆனால் ஒருநாளும் நின்றதில்லை. பிறகு அதே மேஜையில் உட்கார்ந்து, ‘பாட்டை எடுத்துத் தொலையுங்கள்’ என்று டி.வி. நிலையத்துக்குக் கடிதம் எழுதுவார். அப்படி நான்கு கடிதங்கள்.

எட்டு மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் நல்ல மழை. வெளியே இறங்க முடியவில்லை. கதவருகே செருப்புக் காலோடு நின்றபடி ஒரு பாட்டை முழுசாகப் பார்த்தார். மறுநாள் ஆறு மணிக்கே கடையை அடைத்துவிட்டார். அன்று தொடங்கி ஒரு நாள்கூடத் தவறவில்லை.

கதை மட்டும் அவருக்கு வேண்டாம். பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவார்.

திரையில் கதாநாயகி பாடிக்கொண்டே படியிறங்கினாள். அவள் பின்னால் இருபது பேர் கையைத் தூக்கி ஆடினார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து கடை லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார்.

“அதை மாட்டிக்கிட்டு என்னதான் தெரியுது?”

“சிவப்பு, பச்சை, நீலம். வெறும் புள்ளி.” லென்ஸைக் கழற்றினார். “எத்தனை தடவை பார்த்தாலும் புத்தி வரல. கிட்டப் போகப் போக ஆள் காணாமப் போயிடுது.”

“அவ போட்டிருக்கிற தோட்டைப் பார்க்கவா லென்ஸு? வயசுக்கு ஏத்த வேலையாப் பாருங்க.”

“வயசானவன், வழிஞ்சுட்டுப் போறேன். விடு.”

“அவளுக்குக் கண்ணு போய் ரெண்டு மாசமாச்சு. அதாவது தெரியுமா?”

“யாருக்கு?”

“கதாநாயகிக்குங்க.”

“அப்படியா? நல்லாத்தானே படியிறங்கறா.”

பாட்டு முடிந்தது. “இன்னைக்கு ஒன்பது செகண்டுதான்” என்று முணுமுணுத்தார்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

எழுந்தவரை, திரையில் வந்த அறிவிப்பு நிறுத்தியது. ‘நேயர்களின் கடிதங்களை ஏற்று, வரும் திங்கள் முதல் பாடல்கள் இல்லாமல், புதிய விறுவிறுப்புடன்.’

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

“கடிதம் போட்ட புண்ணியவான்கள்ல நானும் ஒருத்தன்” என்றார். “போடாதே, வேண்டாம், போன்னு சொல்றதுக்கு மட்டும் எனக்கு என்ன வேகம், பாரு.”

அவள் டி.வி.யை அணைத்தாள். உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“எழுதுங்க.”

கடிகாரத்தின் மயிரிழை போன்ற சுருள்வில்லை வளையாமல் எடுத்து வைக்கிற விரல்களால் பேனாவைப் பிடித்து எழுதினார். ‘ஐயா, பாட்டு வேண்டாம் என்று நான்கு முறை எழுதிய அதே ஆள்தான் எழுதுகிறேன். தப்பு என்னுடையது. தயவுசெய்து பாட்டை நிறுத்தாதீர்கள்.’

அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

“ஏன்னு கேப்பாங்களே?”

“ரசிகன்னு போட்டா போதாதா?”

“போதாது.”

பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. நகரவில்லை. அவள் அதை மெல்ல வாங்கினாள்.

“நான் முதல் நாள்லேருந்து பார்க்கறேன். சொன்னா டி.வி.யையே தூக்கிக் கடாசிடுவீங்கன்னு வாயைத் திறக்கல. நீங்க நாற்காலியை முன்னால இழுத்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, நீங்களும் பார்த்துட்டீங்கன்னு.”

குனிந்து இரண்டு வரி எழுதிக் கடிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. லென்ஸைப் பொருத்திக்கொண்டு படித்தார். இந்த முறை எதுவும் காணாமல் போகவில்லை.

‘பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக ஆடுகிறவன், ஆடப் போனால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று இவர் விரட்டிய எங்கள் மகன். அவன் இருக்கும் இடம் தெரியாது. உங்கள் பாட்டில்தான் அவனைப் பார்க்கிறோம்.’

அவர் பேனாவைத் திரும்ப வாங்கி, அதன் கீழே எழுதினார்: ‘அவன் கழற்றி வைத்துவிட்டுப் போன வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, வந்து கட்டிக்கொள்ளச் சொல்லவும்.’