சக்கை மரத்துக்குப் பிணை

ஞானதாசன் மரத்தைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களின் கைகளைப் பார்த்தார்.

பலாச் சக்கையின் பால் லேசில் போகாது. எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுத்து நிற்கும்.

சிதறால் மலையடிவாரத்து சபைத் தோப்பில், புதுவருடம் பிறந்த மறுநாள் காலை, காய்க்காத மரத்தை மிரட்டுவது வழக்கம். ஒருவர் வெட்டப்போவதாகச் சத்தம் போடுவார். இன்னொருவர் குறுக்கே வந்து, வரும் வருடம் காய்க்கும் என்று பிணை நிற்பார். பிறகு எல்லோரும் காப்பி குடிப்பார்கள்.

கிறிஸ்துமஸ் பவனிக்கு அடித்த டிரம்மை யாரோ தட்டினார்கள். கல்ஃபிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன் போனில் படம் பிடித்தான். கருப்பட்டிக் காப்பியின் முதல் குவளையை மரத்தின் அடிமூட்டில் ஊற்றினார்கள்.

மூன்று வருடமாக அதிலிருந்து ஒரு சக்கை இறங்கவில்லை. மலட்டு மரம் என்றது சபை. திருட்டு என்றார் தோப்புப் பொறுப்பாளரான ஞானதாசன். பிடிபட்டால் அந்த வீட்டுக்குத் தோப்பில் பங்கு கிடையாது என்று பேசி, கூட்டத்தில் தீர்மானமும் போடவைத்தார்.

முந்தாநாள்தான் பார்த்தார். அடிமரத்தின் பின்புறம், வெட்டிய நான்கு சக்கைக் காம்புகள். பால் காயவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் யோவானின் வேலி. வருடாவருடம் பிணை நிற்பதும் யோவான்தான். கள்ளனைத் தவிர யாருக்கு ஒரு மரத்தின் மேல் அவ்வளவு இரக்கம் வரும்?

யோவான் கையைப் பின்னால் கட்டியபடி கேட்டார்:

"என்ன வேய், மரத்த வெட்டுவீரா, எங்கள வெட்டுவீரா? இந்த முழி முழிக்கீரு!"

எல்லோரும் சிரித்தார்கள். யோவானின் கைகள் முன்னால் வந்தன. சுத்தமாக இருந்தன. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

சபைக் கோடாலியின் காம்பு ஒடிந்திருந்தது. வீட்டில் விறகுக்கட்டுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிக் கிடந்த வெட்டுக்கத்தியை ஞானதாசன் அப்படியே தூக்கி வந்திருந்தார்.

"காய்ப்பியா, இல்ல வெட்டட்டா?"

கத்தியபடி சாக்கை உருவினார். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தார். கத்தியின் வாயில், கறுத்த பிசினில், சணல் நார்கள் நின்றன.

"வெட்டப்பிடாது. வாற வருசம் காய்க்கும். நான் பிணை."

யோவான் இல்லை. நேசபாய். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கூட்டத்தில் வாய் திறக்காத, ஞானதாசனின் மனைவி.

அவளும் மரத்தைப் பார்க்கவில்லை. கத்தியைப் பார்த்தாள்.

நேற்று மத்தியானம் வீட்டில் இடிச்சக்கைத் துவரன், பிஞ்சுச் சக்கையை இடித்துச் செய்த பொரியல். தம்பி குலசேகரத்திலிருந்து கொடுத்துவிட்டான் என்றாள். மூன்று மார்கழியாகக் கொடுத்துவிடுகிற தம்பி. ருசியாக இருந்தது. கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் சாப்பிட்டார்.

"கத்தியில என்ன வேய் அது?" யோவான் எட்டி வந்தார்.

வழக்கப்படி, கத்தியின் முதுகால் மூன்று தட்டு தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஞானதாசன் கத்தியைத் திருப்பிப் பிடித்து ஓங்கி வெட்டினார். பட்டை பிளந்தது.

டிரம் நின்றுவிட்டது.

புதுப் பால் கறுத்ததை மூடிக் கத்தி முழுக்க வழிந்து, அவருடைய விரல்களில் இறங்கியது.