மைனஸ் இல்லாத நாள்

சம்பளம் விழுந்த அன்றும் கிளெனிஸும் கணவனும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கு மைனஸில்தான் நிற்கும். வேல்ஸில் வாழ்க்கைப்பட்டதிலிருந்து ஓவர்டிராஃப்ட் கடனிலேயே காலம் தள்ளியவள். இன்று கைபேசியில் பார்த்தால் மைனஸைக் காணோம். ஆயிரக்கணக்கில் பவுண்டு.

ஓடிப்போய் மீனும் சிப்ஸும் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தாள். வழக்கமாக ஒன்றைத்தான் இருவரும் பங்கு போடுவார்கள்.

இரும்பாலையிலிருந்து வழக்கமாக வரும் நேரத்துக்கு வந்த கணவன் எம்லின் தட்டைத் தொடவில்லை.

"என்னய்யா, லாட்டரி விழுந்தத எங்கிட்ட மறைச்சிட்டியா? சாப்பிடு. இனி பேங்க்காரன் மூஞ்சியில முழிக்க வேணாம்."

"போன வாரமே ஆலைய மூடிட்டாங்க, கிளெனிஸ். தினமும் பார்க்குலதான் உக்காந்துட்டு வந்தேன். கணக்கு முடிச்சு அனுப்பின காசு அது."

அவள் பிரித்துக்கொண்டிருந்த இரண்டாவது பொட்டலத்தை மறுபடி மடித்தாள்.

"இது நாளைக்கு ஆகும்" என்றாள்.