கம்பி தெரியும் கட்டில்

"இனி ஒரு நாள்கூட உங்களோட இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத்தானா டிவியில் அந்தப் பாழாய்ப்போன மாயாஜாலப் படத்தைப் போட வேண்டும்? இளவரசி பாடிக்கொண்டே கட்டிலோடு வானத்தில் பறக்கிறாள். எத்தனை தடவை பார்த்த பாட்டு! ஆனாலும் கால் நகரமாட்டேன் என்கிறது.

கட்டில் நிலாவைத் தாண்டும்போது, "அதோ பாரு, கட்டில்ல கட்டின கம்பி தெரியுது" என்பார் இவர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையும் சொல்லாமல் விட்டதில்லை. ஒரு தடவையும் நான் எரிந்துவிழாமல் இருந்ததில்லை.

கட்டில் நிலாவைத் தாண்டியது. இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஹாரன் சத்தம்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கம்பி தெரியுதுல்ல, சொல்லுங்களேன்!" என்று கத்தினேன்.