தொட்டிக்குள் பழைய பம்பு

2009 அக்டோபர் 17, சனிக்கிழமை, ஒஹாயோ மாநிலத்தின் லைமா நகரம். வெண்டலின் பழைய மஸ்டாங்கில் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் பழைய எஞ்சினுக்குப் பதிலாக, இப்போது கார்புரேட்டர் வைத்த வேறு எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. இருட்டுவதற்குள் அது ஓடாவிட்டால் காரை விற்றுவிடுவதாக மனைவி லோர்னாவிடம் சொல்லியிருக்கிறான். கராஜ் வாசலில் வெயில் சிவந்து சாய்கிறது. சாவியைத் திருப்புகிறான். பின்னால் பெட்ரோல் தொட்டிக்குள் ஏதோ ரீங்கரிக்கிறது. எஞ்சின் இருமி அடங்க, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் பொங்கி வழிகிறது. "நிறுத்து மச்சான்! தொட்டிக்குள்ள இருக்குற பழைய எஞ்சினோட பம்பை மாத்தலையா நீ? அது பீய்ச்சி அடிக்கும். இந்தக் கார்புரேட்டருக்கு மெல்ல ஊறினாலே போதுமே. மூணு மாசமா என்னத்தக் கிழிச்ச?" என்கிறான் பக்கத்தில் நிற்கும் லோர்னாவின் தம்பி டுவெய்ன். வெண்டல் துடைத்த கையையே மறுபடியும் கந்தலில் துடைக்கிறான். பம்பை மாற்றத் தொட்டியை இறக்க ஒரு நாளாவது வேண்டும். லோர்னா வாசலுக்கு வருகிறாள். "காரை விலைக்குக் கேட்ட அந்த ஆளுக்குப் போன் பண்ணிடும்மா," என்கிறான் வெண்டல். மறுநாள் காலை இழுவை வண்டி வந்து காரை எடுத்துப்போகிறது.