பல்வலி

அந்தக் குடும்பத்தில், பல்லாங்குழி மாதிரியான ஓவாரே ஆட்டத்தில் மாமாவை ஜெயிக்கிற மருமகன்தான் அடுத்த குடும்பத் தலைவன். கானா நாட்டுக் குமாசியில் நாலு தலைமுறையாக அப்படித்தான். அதனால்தான் ஒப்போங், பள்ளிக்கூடத்தில் எண்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்த களைப்போடு, பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் பாடுபட்டுத் தோற்றுக்கொண்டிருந்தான். ஆட்டு வழக்கு, வேலி வழக்கு என்று வாசலில் நிற்கிற முப்பது சொந்தக்காரர்களை யார் கட்டி மேய்ப்பது?

அன்று பொன்சு மாமா வாயைத் திறக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பல்வலியா மாமா? இன்னொரு நாள் ஆடலாமே."

மாமா மாட்டேன் என்று தலையை ஆட்டிப் பலகையைத் தட்டினார்.

"எப்பவும் உன்னை மண்டுன்னு திட்டிக்கிட்டே ஆடுவாரு. இன்னைக்குத்தான் வீடு நிம்மதியா இருக்கு" என்றாள் அத்தை.

குழி குழியாக விதை போட்டு, ஒப்போங் கவனமாக மோசமாக ஆடினான். கடைசியில் இருவரும் பிடித்த விதைகளை அத்தை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"உனக்கு ரெண்டு கூட. ஜெயிச்சுட்டப்பா."

"இருக்காது அத்தை. பார்த்துப் பார்த்துத் தோத்தேனே."

அதற்குள் வாசலில் நின்றவர்கள், "தலைவரே, என் ஆட்டை..." என்று உள்ளே வந்துவிட்டார்கள்.

மாமா இருபது வயது குறைந்தவர்போல எழுந்து கொல்லைப்பக்கம் போனார். ஒப்போங் பின்னாலேயே ஓடினான். மாமா குனிந்து நாலு விதைகளைத் துப்பினார்.

"மாமா, இது அநியாயம்."

"நாலுக்கே அநியாயமா? எங்க மாமாவுக்கு வந்த பல்வலியில ஆறு விதை இருந்துச்சு."