புரட்டிய கை

மாமியார் இறந்து நாற்பது நாளாகியும் செண்பகவல்லியின் கை அடங்கவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்தவளை, முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு வருடம் புரட்டிய கை அது. "நாலு நாள் ஒரு வேலையும் செய்யாம சும்மா உக்காரு," என்று கணவன் குணசீலன் இந்தச் சின்னக் கடற்கரை ஊருக்கு அழைத்து வந்திருந்தான். அவளால் உட்கார முடியவில்லை. விடுதிப் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கடற்கரையில், சங்கு விற்கும் பெண்ணொருத்தி கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சவுக்கு மர நிழலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் மண்டியிட்டு, தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து மெல்லப் புரட்டினாள். அந்தப் பெண் கண் விழித்தாள்.

"என்னக்கா?"

"ஒரே வாக்குல படுக்காதம்மா. முதுகு புண்ணாயிரும்."

அவள் செண்பகவல்லியின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "சரிக்கா," என்று தன்னைப் புரட்டிய கையையே இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள்.

தூரத்திலிருந்து குணசீலன் கூப்பிட்டான். கையை எடுத்தால் அவள் விழித்துக்கொள்வாளே என்று செண்பகவல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.